கடைசி இடம் வந்தாலும் பயனே: சிறுவர் யூரோவிஷனில் வேல்ஸ்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

‘சிறுவர் யூரோவிஷன் மேடையில் வேல்ஸ் பாடியது பயனா, வீணா?’ என்பது இன்றைய தலைப்பு. சிறுவர் யூரோவிஷன் என்பது ஐரோப்பியத் தொலைக்காட்சிகள் நாட்டுக்கு ஒரு பாட்டாகப் பிள்ளைகளை அனுப்பும் பாட்டுப் போட்டி; வேல்ஸ், ஐக்கிய இராச்சியத்தின் ஒரு பகுதி, அதற்கென்று வெல்ஷ் என்ற தனி மொழி உண்டு. எனக்கு முன்பு பேசிய நண்பர் இரண்டு எண்களைக் கையில் எடுத்துக்கொண்டு இங்கே நின்றார். 2018 நவம்பரில் பெலாரஸின் மின்ஸ்க் நகரில் 20 நாடுகள் பாடின. முதன்முறையாக மேடையேறிய வேல்ஸுக்குக் கிடைத்தது 29 புள்ளிகளும் இருபதாவது இடமும். அடுத்த ஆண்டு போலந்தின் கிளிவிட்சே நகரில் 19 நாடுகளில் பதினெட்டாவது இடம். “பணமும் போயிற்று, பிள்ளைகளின் மனமும் நொந்தது, 2020இல் போவதையே நிறுத்திவிட்டார்கள்” என்று முடித்தார். எண்கள் சரியானவை. அவற்றை வைத்து அவர் போட்ட கணக்குத்தான் தவறு.

அந்தப் போட்டியின் விதி ஒன்றை நண்பர் சொல்லாமல் விட்டுவிட்டார். பெரியவர்களின் யூரோவிஷனில் 1999 முதல் எந்த மொழியில் வேண்டுமானாலும் பாடலாம். அதனால் பலர் ஆங்கிலத்திலேயே பாடுகிறார்கள். 9 முதல் 14 வயதுப் பிள்ளைகள் பாடும் இந்தப் போட்டியில் அப்படி இல்லை. பாட்டின் பெரும்பகுதி அந்த நாட்டின் சொந்த மொழியில் இருந்தாக வேண்டும். இதன் பொருள் என்ன? வேல்ஸில் பாட்டுப் பாடும் பிள்ளை எதுவாக இருந்தாலும், ‘வெளியுலகம் கேட்க வேண்டுமானால் ஆங்கிலத்தில் பாடு’ என்ற பேச்சைக் கேட்டுத்தான் வளர்கிறது. இங்கே நிலைமை தலைகீழ். வெல்ஷ் மொழி தெரிந்திருப்பதுதான் ஐரோப்பிய மேடைக்கு டிக்கெட். ஒரு சிறிய மொழியைப் பேசும் குழந்தைக்கு அந்த மொழியே தகுதியாகிற இடம் உலகத்தில் எத்தனை இருக்கிறது, சொல்லுங்கள்.

நான் ஏன் இதில் இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன் என்றால், அந்த மண்ணில் குழந்தைகளின் கழுத்தில் ஒரு மரக்கட்டை தொங்கியது, நடுவர் அவர்களே. பத்தொன்பதாம் நூற்றாண்டில், வேல்ஸின் பல பள்ளிக்கூடங்களில். சிறிய கட்டைதான். மேலே ஒரு துளை, அதில் ஒரு கயிறு, நடுவில் ‘வெல்ஷ் கூடாது’ என்பதைக் குறிக்கும் இரண்டு ஆங்கில எழுத்துகள். காலையில் எந்தப் பிள்ளையின் வாயில் வெல்ஷ் சொல் வந்ததோ, அதன் கழுத்தில் மாட்டுவார்கள். அந்தப் பிள்ளை இன்னொரு பிள்ளை வெல்ஷ் பேசுவதைக் கேட்டுவிட்டால் கட்டை அங்கே மாறும். மாலையில் பள்ளி விடும்போது அது யார் கழுத்தில் இருக்கிறதோ, அவருக்கு அடி. தோழனைக் காட்டிக்கொடுத்தால் தப்பிக்கலாம் என்று குழந்தைக்குச் சொல்லிக்கொடுத்த ஏற்பாடு அது. அப்படிப்பட்ட கட்டை ஒன்று தப்பிப் பிழைத்து இன்று வேல்ஸின் தேசிய அருங்காட்சியகத் தொகுப்பில் இருக்கிறது.

அந்தக் கட்டையைச் சுமந்த பிள்ளைகளின் வழிவந்த ஒரு பெண் குழந்தை, ஸ்லேட் கல் வெட்டிய வடமேற்கு மலைப்பகுதியின் ரோஸ்காட்வன் என்ற சிற்றூரிலிருந்து கிளம்பி, மின்ஸ்க் அரங்கில் நின்று, அதே மொழியில் பாடியது. ஐரோப்பா உட்கார்ந்து கேட்டது. அதற்கு 29 புள்ளிதானே என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை.

அடுத்து, பணம். பிள்ளைகளை அனுப்பியது எஸ்4சி என்ற வெல்ஷ் மொழித் தொலைக்காட்சி. மக்கள் பணத்தில் நடப்பது, 2010க்குப் பிறகு நிதி கடுமையாகக் குறைக்கப்பட்டது, ஆகவே இது ஆடம்பரம் என்றார் நண்பர். அந்தத் தொலைக்காட்சி எப்படி வந்தது? வெல்ஷ் மொழிக்குத் தனி அலைவரிசை தருவதாக வாக்களித்த பிரிட்டிஷ் அரசு, பிறகு கைவிரித்தது. வேல்ஸ் தேசியவாதக் கட்சித் தலைவர் குவின்வோர் எவன்ஸ், 1980 அக்டோபர் 6 முதல் சாகும்வரை உண்ணாவிரதம் இருப்பேன் என்று அறிவித்தார். செப்டம்பரிலேயே அரசு இறங்கிவந்தது. 1982 நவம்பர் 1 அன்று ஒளிபரப்பு தொடங்கியது. ஒரு மனிதர் உயிரைப் பணயம் வைத்துக் கேட்டு வாங்கிய அலைவரிசை, தன் பிள்ளைகளைத் தன் மொழியில் உலகத்தின் முன் நிறுத்துவதற்குச் செலவு செய்யவில்லை என்றால் வேறு எதற்குச் செலவு செய்யும்? எந்தப் பிள்ளையை அனுப்புவது என்ற இறுதித் தேர்வை வேல்ஸின் லாண்டட்னோ நகர அரங்கிலிருந்து நேரலையில் காட்டினார்கள். வென்ற பிள்ளை மட்டுமா பயன் பெற்றது? தேர்வுக்கு வந்த அத்தனை பிள்ளைகளும் வெல்ஷ் பாட்டைப் பயிற்சி செய்தார்கள். வீட்டில் இருந்தவர்கள் கேட்டார்கள்.

கொடியையும் சொல்லிவிடுகிறேன். ஐக்கிய இராச்சியத்தின் கொடியில் இங்கிலாந்து உண்டு, ஸ்காட்லாந்து உண்டு, அயர்லாந்து உண்டு. வேல்ஸுக்கு அதில் ஒரு கோடுகூடக் கிடையாது. மின்ஸ்கில் செந்நிற டிராகன் கொடி, ‘வேல்ஸ்’ என்ற பெயரோடு, மற்ற பத்தொன்பது நாடுகளுக்குச் சமமாக நின்றது.

இப்போது நண்பர் கண்கலங்கச் சொன்ன இடத்துக்கு வருகிறேன். கடைசி இடம் வந்த குழந்தையின் மனம். இதில் அவருடைய வருத்தம் எனக்கும் உண்டு. புள்ளிப்பட்டியல் ஏறிக்கொண்டே போகும்போது தன் நாட்டின் பெயர் கீழேயே நிற்பதைப் பார்ப்பது எந்தப் பிள்ளைக்கும் கடினம். போட்டி நடத்துபவர்களும் இதை உணர்ந்திருந்தார்கள்; யாரும் பூஜ்ஜியத்தோடு வீடு திரும்பக் கூடாது என்று 2005 முதல் 2015 வரை எல்லா நாடுகளுக்கும் தொடக்கத்திலேயே 12 புள்ளிகளைக் கொடுத்துவைத்தார்கள். ஆனால் வேல்ஸின் பிள்ளைகளுக்கு மேடையும் தோல்வியும் புதியவை அல்ல. 1929 முதல் இர்த் என்ற இளையோர் இயக்கம் ஐஸ்தெத்வோட் கலைவிழா நடத்துகிறது. வட்டாரம், மாவட்டம், தேசியம் என்று படிப்படியாகப் போட்டி. பெரும்பாலான பிள்ளைகள் முதல் படியிலேயே நின்றுவிடுகிறார்கள், அடுத்த ஆண்டு மறுபடியும் பாட வருகிறார்கள். ‘வீட்டிலேயே இத்தனை மேடை இருக்கும்போது மின்ஸ்க் எதற்கு?’ என்று கேட்டார் நண்பர். வீட்டு மேடையில் கேட்பவர்களும் வெல்ஷ்காரர்கள்தான். அந்த மொழி ஒன்று இருப்பதையே அறியாதவன் காதில் அது விழ வேண்டாமா?

தரவரிசையே அளவுகோல் என்றால் போலந்தைப் பாருங்கள். 2003இல் கோபன்ஹேகனில் நடந்த முதல் போட்டியில் 16 நாடுகளில் போலந்து கடைசி. சில காலத்தில் விலகியது, 2016இல் திரும்பியது. வேல்ஸ் கடைசி இடம் வந்த அதே 2018இல் முதல் பரிசு யாருக்கு? போலந்துக்கு. 2019இலும் போலந்துக்கே. 2003இன் முடிவை வைத்துத் தீர்ப்பு எழுதியிருந்தால்?

இன்னொரு பக்கம். 2022இல் பிபிசி ஐக்கிய இராச்சியத்தின் பெயரில் இதே போட்டிக்குத் திரும்பியது, ஐந்தாம் இடம். 2023இல் நான்காம் இடம். நல்ல இடங்கள். ஆனால் அந்தப் பாட்டுகளில் வெல்ஷ் இல்லை. 2024இல் அவர்களும் விலகினார்கள். இரண்டு ஆண்டு பாடி நின்றது வேல்ஸின் தோல்விக்குச் சான்று என்றால், நான்காம் இடம் வாங்கியவர்களும் இரண்டே ஆண்டில் ஏன் நின்றார்கள்? வேல்ஸ் 2020இல் போகாததற்குக் காரணம் கொரோனா. கடைசி இடம் அன்று. கடைசி இடம் வந்த மறு ஆண்டே அவர்கள் இன்னொரு பிள்ளையை அனுப்பினார்களே!

2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வெல்ஷ் பேசுவோர் சுமார் 5,38,000 பேர், 17.8 சதவீதம். பத்தாண்டில் குறைந்திருக்கிறது. அதிகம் குறைந்தது 3 முதல் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளிடம். ‘பார்த்தீர்களா, பாடியும் குறைந்துவிட்டது’ என்று எதிரணி எழுந்திருக்கும் முன் சொல்கிறேன்: இரண்டு பாட்டு ஒரு மொழியைத் தூக்கி நிறுத்திவிடும் என்று நான் சொல்லவில்லை. 2050க்குள் பத்து லட்சம் பேர் பேச வேண்டும் என்று வேல்ஸ் அரசு இலக்கு வைத்திருக்கிறது. அந்தப் பத்து லட்சம் பேரில் பலர் இன்று ஒன்பது, பத்து வயதில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கிறார்கள். மொழி நழுவுகிற அந்த வயதில்தான் இந்த மேடை அவர்களைக் கூப்பிட்டது.

மணி அடித்துவிட்டது. நடுவர் அவர்களே, தீர்ப்பு எழுதுவதற்கு முன் மின்ஸ்கில் வேல்ஸ் பாடிய அந்த மூன்று நிமிடத்தை ஒருமுறை கேட்டுவிடுங்கள். புள்ளிப்பட்டியலை அதற்குப் பிறகு பாருங்கள். நன்றி, வணக்கம்.