பார்த்துக்கொண்டு நிற்கும் பிள்ளைகள்

நேயர்களுக்கு வணக்கம்.

எனக்குப் பிடித்த இந்திய எழுத்தாளர்களைப் பற்றிப் பேச வேண்டும் என்று நிலையத்திலிருந்து கேட்டார்கள். சந்தோஷமாகச் சரி என்றேன். அப்புறம் உட்கார்ந்து யோசித்தால், மனசில் முதலில் வந்து நிற்கிற புதுமைப்பித்தன், அசோகமித்திரன், உருதுவில் எழுதிய சாதத் ஹசன் மண்டோ, வங்காளத்து மகாசுவேதா தேவி என்று எல்லாருமே நகரத்துத் தெருவில் மனுஷனுக்கு மனுஷன் செய்கிற கொடுமையை எழுதியவர்களாக இருக்கிறார்கள். அதனால் அதைப் பற்றியே பேசிவிடுகிறேன். நான் மேல்நிலைப் பள்ளித் தமிழாசிரியை, குடியிருப்பது பாளையங்கோட்டையில். இந்த ஊரில் இந்த வேலையைப் பார்த்துக்கொண்டு, வெட்டு குத்தைப் பற்றி வாயே திறக்காமல் இலக்கியம் பேச எனக்கு மனசு வரவில்லை.

வெளியூர்க்காரர்கள் திருநெல்வேலி என்றால் அல்வா என்பார்கள், அடுத்த மூச்சிலேயே அருவா என்பார்கள். சினிமாக்காரர்கள் சட்டைக்குப் பின்னாலிருந்து அரிவாளை உருவுகிற ஆளைக் காட்டிக் காட்டி அதை நிலைநிறுத்திவிட்டார்கள். எனக்கு அதில் கோபம் உண்டு. ஆனால் பேப்பரைப் பிரித்தால் என்ன பதில் சொல்வது? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவனை, கூடப் படித்த பையன்களே வீட்டுக்குள் புகுந்து சாதி வெறியில் வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. 2024 டிசம்பரில் பாளையங்கோட்டையில் நீதிமன்ற வாசலிலேயே, பட்டப்பகலில் ஒருவரை வெட்டிக் கொன்றார்கள். 2025 ஏப்ரலில் எட்டாம் வகுப்புப் பையன் புத்தகப் பையில் அரிவாளை வைத்துக் கொண்டுவந்து வகுப்பறைக்குள்ளேயே கூடப் படிக்கிறவனை வெட்டினான், தடுத்த ஆசிரியைக்கும் காயம். எட்டாம் வகுப்பு என்றால் பதின்மூன்று வயசு. அந்தப் பையில் கணக்கு நோட்டும் இருந்திருக்கும், மத்தியானச் சாப்பாடும் இருந்திருக்கும்.

இதையெல்லாம் நாம் ரவுடிகள் சமாச்சாரம், போலீஸ் பார்த்துக்கொள்ளும் என்று தள்ளி வைக்கிறோம். நான் சொன்ன எழுத்தாளர்கள் அப்படித் தள்ளவில்லை. அவர்கள் எழுத்தை வயசாக ஆக எத்தனையோ தடவை திருப்பிப் படித்ததில் ஒன்று எனக்குப் பட்டது. ஒரு சாவையோ கொலையையோ எழுதும்போது, அந்த இடத்தில் ஒரு பிள்ளையைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். குழந்தையாக இருக்கலாம், மீசை அரும்புகிற பையனாக இருக்கலாம். அந்தக் கண்ணில் என்ன போய் விழுகிறது என்பதுதான் அவர்களுக்கு முக்கியம்.

புதுமைப்பித்தனை எடுத்துக்கொள்வோம், நம்ம ஊர்க்காரர். 1906இல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார் என்றாலும் பூர்வீகம் இங்கே, இந்துக் கல்லூரியில்தான் படித்தார், அப்புறம் பட்டணம் போனார். அவர் எழுதிய ‘மகாமசானம்’ என்ற கதையைப் படித்திருப்பீர்கள். இல்லையென்றால் இன்றைக்கே தேடிப் படியுங்கள், நாலைந்து பக்கம்தான். மவுண்ட் ரோட்டு நடைபாதையில் சாயங்கால நேரம் வயசான பிச்சைக்காரர் ஒருவர் செத்துக்கொண்டிருக்கிறார். யாரும் அவரை அடிக்கவில்லை, ஏசவில்லை. டிராமும் பஸ்ஸும் கூட்டமும் அதுபாட்டுக்குப் போகின்றன, அவ்வளவுதான். அந்த மொத்தக் கூட்டத்தில், அப்பா மாம்பழம் வாங்கப் போன நேரத்தில் தனியாக நிற்கிற ஒரு சின்னக் குழந்தை மட்டும் அவரை நின்று பார்க்கிறது. கத்தியே இல்லாத அந்தக் கதையைத்தான் நகரத்து வன்முறையைப் பற்றித் தமிழில் எழுதப்பட்ட கதைகளிலேயே கடுமையானது என்று நான் சொல்வேன். வகுப்பில் வாசித்து முடித்ததும் பையன்கள் சும்மா இருந்தார்கள். பின் பெஞ்சிலிருந்து ஒருவன், வழக்கமாக வாயே திறக்காதவன், “அதுக்குப் பொறவு அந்தப் புள்ளைக்கு மாம்பழம் எறங்குமா டீச்சர்?” என்று கேட்டான். எந்த விமரிசகரும் அந்தக் கதையை அதைவிட நன்றாகப் பிடித்து நான் படித்ததில்லை.

மண்டோ இன்னும் சுருக்கமாக எழுதுவார். 1912இல் பஞ்சாபில் பிறந்து, பம்பாயில் சினிமாவுக்குக் கதை எழுதிப் பிழைத்து, பிரிவினைக்குப் பிறகு 1948இல் லாகூருக்குப் போய், அங்கேயே 1955 ஜனவரியில் செத்துப்போனார். அப்போது அவருக்கு நாற்பத்து மூன்று வயசு நிறையவில்லை. கலவரத்தைப் பற்றிச் சின்னச் சின்னத் துணுக்குகளாகவே ஒரு புத்தகம் போட்டார். சிலது இரண்டு மூன்று வரிதான். அதில் ‘ஜெல்லி’ என்று ஒன்று. காலையில் தள்ளுவண்டியில் ஐஸ் விற்கிறவரைக் குத்திப்போடுகிறார்கள். ஐஸ் உருகி அவர் மேலேயே சொட்டிக்கொண்டிருக்கிறது. போலீஸ் வந்து உடலை எடுத்துப்போன பிறகு ரத்தமும் ஐஸும் மட்டும் ரோட்டில் கிடக்கின்றன. அந்த வழியாகப் போகிற குதிரை வண்டியிலிருந்து ஒரு குழந்தை அதைப் பார்த்துவிட்டு, அம்மாவைப் பிடித்து இழுத்து, அம்மா பாரு, ஜெல்லி என்கிறது. கதை அதோடு சரி. யார் எந்த மதம், யார் குத்தினது, ஒரு விவரம் கிடையாது. அந்தக் குழந்தைக்கு ரத்தம் எது, தின்பண்டம் எது என்று தெரியவில்லை, அந்தக் காலையில் அதைச் சொல்லிக் கொடுக்கிற நிலைமையில் பெரியவர்களும் இல்லை.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நம்ம பிள்ளைகள் கையில் இருக்கிற போன்தான் ஞாபகம் வரும். எங்கேயாவது வெட்டு நடந்தால் சாயங்காலத்துக்குள் சிசிடிவியில் பதிவானது வாட்ஸப்பில் வந்துவிடுகிறது. ஒரு தடவை இடைவேளையில் நாலு பையன்கள் கூடி நின்று பார்த்துக்கொண்டிருந்ததை வாங்கிப் பார்த்தேன். உண்மையில் நடந்த ஒரு கொலை. அரிவாள் இறங்குகிற இடத்தில் வேகத்தைக் குறைத்து, பின்னால் ஒரு சினிமாப் பாட்டைச் சேர்த்து, மேலே சாதிப் பட்டத்தைப் பெரிய எழுத்தில் போட்டு வைத்திருந்தார்கள். விழுந்தவர் முகம் தெரியவில்லை. ஒரு செருப்பு தனியாகக் கழன்று கிடந்தது, சின்ன சைஸ் ரப்பர் செருப்பு. நான் அந்தச் செருப்பைக் காட்டி, “இது யாருடையது?” என்று கேட்டேன். அதுவரைக்கும் அவர்களில் ஒருவன்கூட அதைப் பார்த்திருக்கவில்லை.

பழைய கதை ஒன்றும் இருக்கிறது, நமக்கெல்லாம் தெரிந்ததுதான். 1999 ஜூலை 23. மாஞ்சோலை தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகக் கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலம் வந்தவர்கள் மேல் தடியடி நடந்து, கொக்கிரகுளத்தில் ஆற்றுக்குள் விரட்டப்பட்டுப் பதினேழு பேர் செத்தார்கள், கைக்குழந்தை உள்பட. கூலி உயர்வு கேட்டார்கள், ஜெயிலில் இருந்தவர்களை விடச் சொல்லிக் கேட்டார்கள். வருஷா வருஷம் அந்தத் தேதியில் கட்சிக்காரர்கள் வந்து தாமிரவருணியில் மலர் தூவுகிறார்கள். அன்றைக்குப் பாளையிலிருந்து ஜங்ஷன் போகிற பஸ்ஸில் பாலத்தில் மாட்டிக்கொண்டால், படியில் தொங்குகிற பிள்ளைகள் ‘என்ன கூட்டம்?’ என்று கேட்பார்கள், பக்கத்தில் நிற்கிற பெரியவர்கள் ‘ஏதோ கட்சிக் கூட்டம்’ என்பார்கள். அது எனக்கு ஆறவே ஆறாது. 1930களிலேயே புதுமைப்பித்தன் ‘துன்பக்கேணி’யில் வாசவன்பட்டிப் பெண் ஒருத்தி இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போய்ப் படுகிற பாட்டை எழுதிவிட்டார். தேயிலைக்கும் இந்த மண்ணுக்கும் உள்ள சம்பந்தம் அவ்வளவு பழசு. அதையாவது பிள்ளைகளிடம் சொல்லலாமே.

அசோகமித்திரனின் ‘பதினெட்டாவது அட்சக்கோடு’ பற்றி நிறையப் பேசலாம், நேரம் இல்லை. 1947-48இல், நிஜாம் ஆட்சியைக் காக்க ஆயுதம் எடுத்த ரஜாக்கர்கள் காலத்து ஐதராபாத், சிகந்தராபாத். சந்திரசேகரன் என்கிற காலேஜ் பையன், மாடு மேய்ப்பதும் கிரிக்கெட் ஆடுவதுமாக இருக்கிறவனுக்கு, நாவலின் கடைசியில் கலவரத்துக்கு நடுவே ஒரு முஸ்லிம் வீட்டுக்குள் போய் நிற்க நேர்கிறது. அவனைக் கொல்ல வந்தவன் என்று நினைத்து, தன் குடும்பத்தைக் காப்பாற்ற அந்த வீட்டுப் பெண் செய்கிற காரியம் அவனைக் கூசிச் சாக வைக்கிறது. அவன் ஓடுகிறான். அவன் யாரையும் எதுவும் செய்யவில்லை. ஆனாலும் அந்த நேரத்தில், அந்தப் பக்கத்து ஆளாக அங்கே நின்றதே அவளுக்குப் பயங்கரமாக இருந்திருக்கிறது. எங்கள் பிள்ளைகள் இதைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை. ஒரு கூட்டத்தோடு சும்மா பைக்கில் போனேன், நான் வெட்டவில்லை என்று சொல்கிற பையன்களை இந்த ஊரில் பார்க்கிறோம். வீட்டுக்குள் இருக்கிறவர்களுக்கு அந்த வித்தியாசம் எப்படித் தெரியும்?

மகாசுவேதா தேவியின் ‘1084இன் அம்மா’ நாவலை நான் முதலில் படித்தது கல்லூரியில். அப்போது அந்தப் பையன் விரதிதான் எனக்குக் கதாநாயகன். இப்போது படித்தால் அம்மா சுஜாதாவைத் தவிர வேறு யாரும் தெரியவில்லை. கல்கத்தாவில் நக்சல்பாரிக் காலத்தில் கொல்லப்பட்ட மகன் பிணக்கிடங்கில் 1084 என்ற எண்ணாகக் கிடக்கிறான். இரண்டு வருஷம் கழித்து, அவன் கூடச் செத்த இன்னொரு பையனின் தாயையும், அவன் காதலித்த பெண்ணையும் தேடிப் போய்த்தான், தன் மகன் யார் என்பதையே அந்த அம்மா தெரிந்துகொள்கிறாள். ஒரே வீட்டில் இருந்தும், சோறு போட்டும், தெரியாமல் இருந்திருக்கிறது. விரதி கொல்லப்பட்டவன், கொள்கைக்காகப் போனவன். சாதிக்காக அரிவாள் எடுக்கிறவனை அவனோடு நான் ஒருநாளும் சேர்க்க மாட்டேன். அந்தத் தாயின் தெரியாமையை மட்டும்தான் சொல்கிறேன். பிரச்சினையில் மாட்டின பையன்களின் அம்மாக்கள் பள்ளிக்கூடத்து வராந்தாவில் வந்து உட்கார்ந்திருப்பார்கள். பீடி சுற்றுகிறவர்கள், ஜவுளிக்கடையில் நிற்கிறவர்கள், வயக்காட்டு வேலைக்குப் போகிறவர்கள். “எம்புள்ள அப்படிப்பட்டவன் இல்ல டீச்சர்” என்பதைத் தவிர வேறு பேச்சு வராது. அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரிந்த பிள்ளை அப்படிப்பட்டவன் இல்லைதான்.

நாங்குநேரிக்குப் பிறகு அரசாங்கம் ஓய்வுபெற்ற நீதியரசர் சந்துருவை வைத்து ஒருநபர் குழு போட்டது, 2024 ஜூனில் அறிக்கை வந்தது. கையில் கட்டுகிற கலர் கயிறு முதற்கொண்டு சாதியைக் காட்டுகிற எதுவும் பள்ளிக்கூடத்தில் இருக்கக் கூடாது என்று சொன்னார்கள். நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். இன்ன கலர் இன்ன சாதி என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிகிற ஊர் இது. கயிற்றைக் கழற்றச் சொன்னால் கழற்றிவிடுவார்கள். கழற்றின மணிக்கட்டில் வெயில் படாத தோல் வெளுத்து ஒரு வளையமாகத் தெரியும். அதை வைத்தே இவன் கட்டியிருந்தவன், இவன் கட்டாதவன் என்று அவர்களுக்குள் கணக்கு இருக்கும். அது மங்க மாதக்கணக்காகும். அந்த மாதங்களில் நாம் அவன் கண்ணுக்கும் காதுக்கும் என்ன கொடுக்கிறோம் என்பதுதான் என்னைப் போன்றவர்களின் வேலை.

நான் கொடுப்பது கதை. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் பாடத்தை மூடி வைத்துவிட்டு ஒரு கதையை வாய்விட்டு வாசிப்பேன். எல்லாமே ரத்தக் கதை என்று நினைத்துவிடாதீர்கள். வண்ணதாசனை நிறைய வாசிப்பேன். அவர் கதைகளில் பெரிய சண்டை கிடையாது. ஆனால் டீக்கடையில் நிற்கிறவரும் தெருவில் கோலம் போடுகிறவளும் பேரோடும் உறவோடும் முகத்தோடும் வருவார்கள், பையன்கள் ‘இது நம்ம தெரு மாதிரியே இருக்கு’ என்பார்கள். பேரும் முகமும் தெரிந்த ஆளின் மேல் கை ஓங்குவது சுலபமில்லை என்று நான் நம்புகிறேன். நாங்குநேரியில் வெட்டினவர்களுக்கு அந்தப் பையனின் பேரும் முகமும் தெரிந்துதான் இருந்தது என்று நீங்கள் சொல்லலாம். வாஸ்தவம், அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் வாசிக்கிறேன்.

அடுத்து பூமணியின் ‘வெக்கை’யை எடுத்திருக்கிறேன். கரிசல்காட்டு நாவல், 1982இல் வந்தது. அண்ணனைக் கொன்றவனின் கையை மட்டும் வெட்ட நினைத்துப் போய், ஆளையே கொன்றுவிடுகிற ஒரு சின்னப் பையனின் கதை. எங்கள் பையன்களுக்கு ‘அசுரன்’ படமாகத் தெரியும். வேண்டாம் டீச்சர், எதற்கு வம்பு என்று கூட வேலை பார்க்கிறவர்கள் சொன்னார்கள், ஒரு தகப்பனாரும் வந்து கேட்டார். அவரிடம் நாவலைக் கொடுத்து, சிதம்பரமும் அவன் அப்பாவும் காட்டுக்குள் ஒளிந்துகொண்டு ஒரு வாய்க் கஞ்சிக்கும் தண்ணீருக்கும் அலைகிற பக்கங்களை மட்டும் முதலில் படித்துப் பாருங்கள், அப்புறம் பேசுவோம் என்றேன். வெட்டு முதல் பக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. மீதிப் புத்தகம் முழுக்க அந்தப் பையனின் பசி, பயம், அம்மாவைப் பார்க்க முடியாத ஏக்கம். சினிமாவிலும் போனிலும் அந்தப் பையன்கள் பார்க்காமல் விட்டது அந்த மீதிதான். அவர் புத்தகத்தைத் திருப்பித் தரும்போது, மகனுக்கும் ஒன்று வாங்கலாமா, எங்கே கிடைக்கும் என்று கேட்டார். வருகிற வெள்ளிக்கிழமை முதல் அத்தியாயம் வாசிக்கிறோம்.

நன்றி, வணக்கம்.