எரிக்கப்பட்ட பட்டியல்

விழாத் தலைவர் அவர்களே, கவுண்டி (மாவட்ட) ஆணையர் அவர்களே, சுகாதாரத் துறை இயக்குநர் அம்மையாரே, பின்வரிசை வரை நிறைந்திருக்கும் செவிலியர்களே, அனைவருக்கும் வணக்கம். இன்னொரு கூட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டு ஆணையர் நம்மோடு அமர்ந்திருக்கிறார். கொரோனா காலத்தில் இரவு பகல் பாராமல் உழைத்தவர் இயக்குநர் அம்மையார். இருவருக்கும் என் தனி நன்றி.

மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். அமெரிக்காவில் அரசுச் சுகாதாரத் துறைகள் தாமாக முன்வந்து பெறும் தரச்சான்று ஏன் வந்தது, எப்படி நடக்கிறது, செலவை யார் ஏற்பது.

முதலில் ஒரு பழைய கதை. 1918-ல் அறுவை மருத்துவர்களின் சங்கமான ‘அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி’ மருத்துவமனைகளைச் சோதிக்கப் புறப்பட்டது. கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. ஒரே பக்கத்தில் அடங்கிய தகுதிகள்தான். நோயாளிகளுக்கு ஒழுங்கான பதிவேடு உண்டா? ஆய்வுக்கூடம் உண்டா? எக்ஸ்ரே உண்டா? மருத்துவர்கள் கூடி உட்கார்ந்து தங்கள் வேலையை அலசுகிறார்களா? நூறு படுக்கைக்குக் குறையாத 692 மருத்துவமனைகளைப் பார்த்தார்கள். தேறியவை எத்தனை தெரியுமா? வெறும் 89! தேறாதவற்றில் நாடறிந்த மருத்துவமனைகளும் இருந்தன. 1919 அக்டோபரில் நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா ஓட்டலில் மாநாடு. எண்ணிக்கையை அறிவித்தார்கள். பெயர்கள்? பத்திரிகைக்காரர்கள் கையில் சிக்கிவிடக் கூடாதென்று, நள்ளிரவில் ஓட்டலின் உலையில் போட்டு அந்தப் பட்டியலையே எரித்துவிட்டார்கள். அய்யா, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா? அந்த எண்ணிக்கை ஒன்றே போதுமாயிருந்தது. எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தாமலே மருத்துவமனைகள் தங்களைத் திருத்திக்கொள்ள ஓடின. 1950 வாக்கில் 3,200-க்கும் மேற்பட்டவை தேறியிருந்தன.

சுகாதாரத் துறைகளுக்கு அந்தக் காலம் வர வெகுநாள் ஆனது. பொதுச் சுகாதாரம் சீர்குலைந்து கிடக்கிறது என்று நாட்டுக்கு ஆலோசனை சொல்லும் மருத்துவக் கழகம் (Institute of Medicine) 1988-லேயே எச்சரித்தது. இந்தத் தரச்சான்றை வழங்கும் பொதுச் சுகாதார அங்கீகார வாரியம் உருவானது 2007-ல். 2011-ல் விண்ணப்பங்களுக்குக் கதவைத் திறந்தார்கள். 2013 பிப்ரவரியில் முதல் 11 துறைகள் சான்று பெற்றன. விண்ணப்பிக்கும் துறையிடம் மூன்று ஆவணங்கள் தயாராக இருக்க வேண்டும்: ஊரின் உடல்நலக் கணிப்பு, அதை ஒட்டிய மேம்பாட்டுத் திட்டம், துறையின் சொந்தச் செயல்திட்டம். அப்புறம் வேறு துறைகளில் வேலை பார்ப்பவர்களே வந்து ஆராய்கிறார்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை சான்றைப் புதுப்பிக்க வேண்டும்.

இங்கேதான் நான் எங்கே போனாலும் கேட்பதை மறுபடியும் கேட்கிறேன். ஆய்வுக்குழு சுட்டும் குறைகளை மக்களும் படிக்க வேண்டும். சான்றிதழை வரவேற்பறையில் மாட்டிவிட்டு அறிக்கையை அலமாரியில் பூட்டினால், 1919-ல் பட்டியலை எரித்ததற்கும் இதற்கும் என்ன பெரிய வித்தியாசம்? எங்கள் தெருவில் தடுப்பூசி போடாத குழந்தைகள் இருப்பது எங்களுக்குத் தெரியும். உணவகச் சோதனைக்குப் போதுமான ஆளில்லை என்பதும் தெரியும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது. குறையை வெளியில் சொன்னால்தான் கூடுதல் ஆள் கேட்கவும் துறைக்கு வலு கிடைக்கும். இயக்குநர் அம்மையாருக்கு இதில் இழப்பு ஏதுமில்லை, துணைதான் கூடும்.

செலவைப் பற்றி எனக்குப் பின் ஆணையரே பேசவிருப்பதால் அதை அவரிடமே விடுகிறேன். ஆணையர் அவர்களே, நம் துறை விண்ணப்பிக்கட்டும். வரும் அறிக்கையை அப்படியே கவுண்டி வாரியத்தின் பொதுக் கூட்டத்தில் வைக்கத் தீர்மானம் கொண்டுவாருங்கள். அதற்கான மனு வாசல் மேசையில் இருக்கிறது. செவிலியர்கள் முதலில் கையெழுத்திடுங்கள், நாங்கள் பின்னால் நிற்கிறோம்.