நிலவு ஒரு நிமிடத்தில் எவ்வளவு விழுகிறது?

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

ஒரு பொருள் வேகம் மாறாமல் வட்டப் பாதையில் சுற்றுகிறது. அதன் முடுக்கம் எவ்வளவு? பதினொன்றாம் வகுப்பில் இந்தக் கேள்வியைக் கேட்டால் பாதிப் பேர் தயங்காமல் 'பூச்சியம்' என்பார்கள். வேகம்தான் மாறவில்லையே, பிறகு முடுக்கம் எங்கிருந்து வரும் என்பது அவர்கள் வாதம். அந்த வாதத்தைத் தட்டிக்கழித்துவிட்டு, 'மையநோக்கு முடுக்கம், வேகத்தின் வர்க்கம் வகுத்தல் ஆரம், எழுதிக்கொள்ளுங்கள்' என்று அடுத்த பாடத்துக்குப் போய்விடுவது பெரிய அநியாயம் என்று நான் நினைக்கிறேன். மாணவர் கேட்டது நல்ல கேள்வி. அதற்கு நல்ல பதிலும் இருக்கிறது.

முடுக்கம் என்பது திசைவேகம் மாறும் வீதம். திசைவேகத்தில் அளவும் உண்டு, திசையும் உண்டு. வட்டத்தில் ஓடும் பொருளுக்கு அளவு அப்படியே நிற்க, திசை மட்டும் ஒவ்வொரு கணமும் திரும்பிக்கொண்டே இருக்கிறது. தினைப்புனம் காத்தவர்கள் கவண் எறிந்ததைச் சங்கப் பாடல்களில் படித்திருப்பீர்கள். சுழற்றும் கவணில் ஒரு முனையை விட்டவுடன் கல் எந்தப் பக்கம் பாய்கிறது? மையத்திலிருந்து நேர் வெளியே அல்ல. விடுபட்ட கணத்தில் அது எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்ததோ அந்தத் தொடுகோட்டில் பாய்கிறது. அப்படியானால், விடுபடும்வரை அதை நேர்கோட்டில் போகவிடாமல் உள்ளே வளைத்துக்கொண்டிருந்தது கயிறு. அந்த வளைப்புதான் நாம் கணக்கிடப் போகும் முடுக்கம்.

கையில் தாள் இருந்தால் ஒரு வட்டம் வரையுங்கள். அதன் உச்சிப் புள்ளியைத் தொட்டுக்கொண்டு கிடையாக ஒரு கோடு போடுங்கள். உச்சியில் இருக்கும் பொருளை யாரும் இழுக்காவிட்டால், மிகச் சிறிய நேரத்தில் அது அந்தக் கோட்டிலேயே சிறிது தூரம் போயிருக்கும். ஆனால் அது வட்டத்தில்தான் இருக்கிறது. ஆகவே கோட்டிலிருந்து சற்றே கீழே இறங்கியிருக்கிறது. எவ்வளவு இறக்கம்? பிதாகரஸ் தேற்றத்தைப் போட்டால், போன தூரத்தின் வர்க்கத்தை வட்டத்தின் விட்டத்தால் வகுத்த அளவு என்று வரும். போன தூரம் என்பது வேகம் பெருக்கல் நேரம். இன்னொரு பக்கம், ஓய்விலிருந்து விழும் பொருளின் இறக்கம், முடுக்கத்தில் பாதி பெருக்கல் நேரத்தின் வர்க்கம். இரண்டையும் சமப்படுத்துங்கள். நேரம் இரு பக்கமும் அடிபட்டுப் போகிறது. மிஞ்சுவது: முடுக்கம் சமம் வேகத்தின் வர்க்கம் வகுத்தல் ஆரம். திசை, எப்போதும் மையத்தை நோக்கி.

இந்த முடிவை முதலில் கண்டவர் ஹாலந்து நாட்டு அறிஞர் கிறித்தியான் ஹைகன்ஸ். 1659இல் கண்டுபிடித்தார், 1673இல் ஊசல் கடிகாரம் பற்றிய தம் நூலின் இறுதியில் வெளியிட்டார். நியூட்டன் 1660களில் தாமாகவே இதே முடிவுக்கு வந்திருந்தார்.

மாணவர்களை அடுத்துக் குழப்புவது இன்னொன்று. ஆரம் கூடினால் முடுக்கம் கூடுமா, குறையுமா? இரண்டும் நடக்கும். எது மாறாமல் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது வினாடிக்கு 5 மீட்டரில், 10 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவில் பஸ் திரும்பினால் முடுக்கம் வினாடி வர்க்கத்துக்கு 2.5 மீட்டர். அதே வேகத்தில் 20 மீட்டர் ஆரமென்றால் 1.25தான். வேகம் ஒன்றே என்பதால் வளைவு அகலமானால் முடுக்கம் குறைகிறது. ஆனால் அந்த 10 மீட்டர் வளைவில் வேகத்தை இரட்டிப்பாக்கினால் முடுக்கம் நான்கு மடங்காகி 10ஐத் தொடும். அது புவியீர்ப்பு முடுக்கமான 9.8ஐவிடவே அதிகம். சாதாரணச் சாலையும் பஸ் டயரும் அதைத் தாங்கிப் பிடிக்காது.

இப்போது உங்கள் தலைக்கு மேலே சுற்றும் மின்விசிறியைப் பாருங்கள். இறக்கையின் நுனிக்கும் நடுப்பகுதிக்கும் சுற்றுக்காலம் ஒன்றே. சுற்றுக்காலம் ஒன்றென்றால் முடுக்கம் ஆரத்துக்கு நேர் விகிதத்தில் கூடும். நிமிடத்துக்கு 350 சுற்று, ஆரம் 60 சென்டிமீட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டால் நுனியின் முடுக்கம் வினாடி வர்க்கத்துக்கு ஏறத்தாழ 800 மீட்டர். புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் 80 மடங்குக்கு மேல்! பாதி ஆரத்தில் அதில் பாதி. நாம் அண்ணாந்து பார்த்துப் படுத்திருக்கும் ஒரு சாதாரணப் பொருளில் இவ்வளவு பெரிய எண் ஒளிந்திருப்பது எனக்கு இன்றும் வியப்புத்தான்.

இதற்கு நேர் எதிராக, மிக மிகச் சிறிய முடுக்கம் ஒன்றைக் கணக்கிடுவோம். நிலவின் முடுக்கம். நிலவின் சராசரித் தொலைவு 3,84,400 கிலோமீட்டர். பூமியை ஒரு சுற்றுச் சுற்ற 27.3 நாள், அதாவது சுமார் 23 லட்சத்து 60 ஆயிரம் வினாடி. பாதையின் சுற்றளவு 24 லட்சத்து 15 ஆயிரம் கிலோமீட்டர். வகுத்தால் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 1,023 மீட்டர். அதன் வர்க்கத்தை, மீட்டரில் எழுதிய ஆரத்தால் வகுத்தால் 0.00272. அதாவது ஒரு வினாடியில் நிலவு ஒரு கிலோமீட்டர் ஓடுகிறது. நேர்கோட்டிலிருந்து பூமியை நோக்கி இறங்குவதோ ஒன்றரை மில்லிமீட்டர்கூட இல்லை.

நம் கையிலிருந்து விழும் கல்லின் முடுக்கம் 9.8. அதை 0.00272ஆல் வகுத்துப் பாருங்கள். விடை 3,600. நிலவின் தொலைவு பூமியின் ஆரத்தைப் போல் ஏறத்தாழ 60 மடங்கு. அறுபதின் வர்க்கம் 3,600! தொலைவின் வர்க்கத்துக்கு எதிர் விகிதத்தில் ஈர்ப்பு குறைகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமா? மரத்திலிருந்து விழும் கனியை இழுப்பதும் நிலவை வளைப்பதும் ஒரே ஈர்ப்பு என்று ஒரு வகுத்தல் கணக்கு சொல்லிவிடுகிறது.

நியூட்டனுக்கு இது முதல் தடவையே சரியாக வந்துவிடவில்லை. இளமையில் போட்ட கணக்கில் 3,600க்குப் பதிலாக நாலாயிரத்துக்கும் மேல் வந்தது. முறையில் பிழையில்லை. பூமியின் அளவை அவர் உண்மையைவிடச் சிறிதாக எடுத்துக்கொண்டிருந்தார். பிறகு பிரான்சில் ழான் பிக்கார் பூமியைத் துல்லியமாக அளந்தார். அந்தப் புதிய அளவோடு 1687இல் தம் பிரின்சிப்பியா நூலின் மூன்றாம் பகுதியில் நியூட்டன் கணக்கை அழகாக எழுதிவைத்தார். இந்தத் தொலைவில் நிலவு ஒரு நிமிடத்தில் விழும் அளவு, பூமியின் பரப்புக்கே வந்துவிட்டால் ஒரு வினாடியில் விழும். நிமிடத்துக்கு 60 வினாடி, அதன் வர்க்கமும் 3,600 அல்லவா! அது அந்நாளைய பிரெஞ்சு அளவான பாரிஸ் அடியில் சுமார் 15. நம் அளவில் 4.9 மீட்டர். தரையில் கல் ஒரு வினாடியில் விழும் தூரத்தை ஊசலைக் கொண்டு அளந்து சொல்லியிருந்தவர் அதே ஹைகன்ஸ். இரண்டு எண்களும் பொருந்தின.

முடிக்கும் முன் உங்கள் கைக்கு ஒரு கணக்கு. பன்னாட்டு விண்வெளி நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில், 92 நிமிடங்களுக்குச் சற்று மேலாக ஒரு சுற்று வருகிறது. பூமியின் ஆரத்தையும் சேர்த்து 6,780 கிலோமீட்டர் என்று வையுங்கள். சுற்றளவு, வேகம், வர்க்கம், வகுத்தல் என்ற அதே நான்கு படிகள்தான். விடை ஏறத்தாழ 8.7 வரும். தரையில் இருப்பதில் பத்தில் ஒன்பது பங்கு! அங்கே ஈர்ப்பு இல்லாததால்தான் வீரர்கள் மிதக்கிறார்கள் என்று யாராவது சொன்னால், இந்த எண்ணை அவர்களிடம் காட்டுங்கள். நிலையமும் வீரர்களும் நிலவைப் போலவே சேர்ந்து விழுந்துகொண்டிருக்கிறார்கள்.

நன்றி, வணக்கம்.