அறிக்கையில் 2 மீட்டர், கடலில் 4 மீட்டர்: முன்னறிவிப்பு பொய்யா?

சரி, அடுத்த கேள்விக்கு வருவோம். நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "வெப்பமண்டலக் கடலில் சிறிய பாய்மரப் படகில் போகிறவன் நான். வானிலை அறிக்கையில் அலை 2 மீட்டர், காற்று 15 நாட் (ஒரு நாட் என்றால் மணிக்கு சுமார் 1.85 கிலோமீட்டர்) என்று இருந்தது. ஆனால் 4 மீட்டருக்குக் கிட்டத்தட்ட ஒரு அலை வந்தது, காற்றும் கொஞ்ச நேரம் 30 நாட்டைத் தாண்டியது. இன்னொரு நாள் காற்றே இல்லை, படகு மட்டும் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. போதாக்குறைக்கு, காற்றழுத்தம் காட்டும் பாரோமீட்டர் தினமும் மத்தியானத்துக்கு மேல் இறங்குகிறது. எதைத்தான் நம்புவது?"

நல்ல கேள்வி. இதில் மூன்று நான்கு விஷயங்கள் சேர்ந்திருக்கின்றன, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் அந்த 2 மீட்டர். அது மிகப் பெரிய அலையின் உயரம் இல்லை. ஓர் இடத்தைக் கடந்து போகும் அலைகளை உயரப்படி வரிசைப்படுத்தி, மேலே இருக்கும் மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுத்து, அதற்குச் சராசரி போட்டால் வருகிற எண் அது. அதாவது 2 மீட்டர் என்று அறிக்கை சொல்லும்போதே, ஏழு அலைக்கு ஒன்று அதைத் தாண்டும் என்பது அதற்குள் அடக்கம். 8 நொடிக்கு ஓர் அலை என்றால் மூன்று மணி நேரத்தில் 1,350 அலைகள் உங்களைக் கடக்கின்றன. அத்தனையில் ஒன்றாவது அறிவித்த உயரத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். ஆக, உங்கள் 4 மீட்டர் அலை முன்னறிவிப்புக்கு உட்பட்ட அலைதான். இதை அறிக்கையிலேயே ஒரு வரி போட்டால் என்ன என்று எனக்கும் தோன்றும். சில நாடுகளின் வானிலைத் துறைகள் போடுகின்றன, பல இடங்களில் அது இல்லை.

அடுத்து, காற்றில்லாத நாளில் ஆடிய கடல். அங்கே நீங்கள் பார்த்தது ஸ்வெல். எங்கோ தொலைவில் அடித்த புயல்காற்று கிளப்பிவிட்ட அலை, காற்று நின்ற பிறகும் தானாகவே ஓடிக்கொண்டிருக்கும். தென் பெருங்கடலில் கிளம்பியது நிலநடுக்கோட்டைத் தாண்டியும் போகும். 15 நொடி ஸ்வெல்லின் ஆற்றல் ஆழ்கடலில் மணிக்கு 42 கிலோமீட்டர் வேகத்தில் நகர்கிறது. ஒரு நாளைக்கு 1,000 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 5,000 கிலோமீட்டருக்கு அப்பால் அடித்த புயல் ஐந்து நாள் கழித்து உங்கள் படகை ஆட்டும், உங்கள் தலைக்கு மேல் வானம் பளிச்சென்று இருக்கும்.

இதனால்தான் அலை உயரத்தை மட்டும் பார்க்காதீர்கள் என்று சொல்கிறேன். பக்கத்திலேயே நொடிக் கணக்கு ஒன்று இருக்கும்: ஒரு முகடு வந்து அடுத்த முகடு வரும்வரை உள்ள நேரம். 2 மீட்டர், 15 நொடி என்றால் ஆழ்கடலில் முகட்டுக்கு முகடு 350 மீட்டர். படகு மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும், தொல்லையே இல்லை. அதே 2 மீட்டர் 6 நொடியில் வந்தால் இடைவெளி 56 மீட்டர்தான். போட்டு உலுக்கிவிடும். எதிர்த்து ஒரு நீரோட்டமும் இருந்துவிட்டால் அலை இன்னும் செங்குத்தாகும். ஆனால் கரைக்கு வந்தால் கதை மாறும். நீள ஸ்வெல் ஆழம் குறைந்த இடத்தில் வேகம் குறைந்து உயர்ந்துகொண்டே போகும், முகத்துவாரத்தில் அதுதான் ஆபத்து. இன்னொன்று, நீளமான அலைகள் வேகமாக ஓடுவதால் அவைதான் முதலில் வந்து சேரும். அமைதியான கடலில் அரை மீட்டர், 18 நொடி என்று புதிதாக ஒன்று தென்பட்டால், பெரியது பின்னால் வருகிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

அப்புறம் ஒரு கணக்கு. ஸ்வெல் 2 மீட்டர், காற்றலை (அந்த இடத்திலேயே அடிக்கும் காற்று எழுப்பும் அலை) 1.5 மீட்டர் என்று தனித்தனியாகப் போட்டிருந்தால் மொத்தம் 3.5 என்று கூட்டாதீர்கள். இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 2.5 மீட்டர் வரும்.

காற்றுக்கு வருவோம். 15 நாட் என்பதும் சராசரிதான். சாதாரணமாகவே சில நொடி திடீரென்று அடிக்கும் வீச்சு அதைவிட 40 சதவீதம் வரை கூடலாம், அதாவது 21 நாட். நீங்கள் பார்த்த 30 நாட் அதில் சேராது. அது இடிமேகத்திலிருந்து குளிர்ந்த காற்று கீழே விழுந்து கடல்மேல் பரவியது. வானிலையைக் கணிக்கும் உலகளாவிய கணினி மாதிரிகள் பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்குப் போடுகின்றன, ஒரு கட்டம் சுமார் 10 கிலோமீட்டர். ஒரு தனி மேகம் அதற்குள் அடங்கிப் போய்விடும். "இடியுடன் மழை" என்று அறிக்கை சொன்னால், எந்த மேகத்தடியில் எத்தனை மணிக்கு என்பதை அது சொல்லாது. அதை உங்கள் கண்ணும் ராடாரும்தான் பார்க்க வேண்டும். கறுத்த மேகத்தின் அடியில் தண்ணீர் வெள்ளை பூத்துக்கொண்டு நெருங்கினால் உடனே பாயைச் சுருக்குங்கள்.

கடைசியாக பாரோமீட்டர். அது தினமும் இறங்குவது புயல் இல்லை. வெப்பமண்டலத்தில் காற்றழுத்தம் காலை 10, இரவு 10 மணி வாக்கில் ஏறி, விடியற்காலை 4, மாலை 4 மணி வாக்கில் இறங்கும். ஏற்ற இறக்கம் சுமார் 3 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தின் அலகு). அதனால் இன்று மாலை 4 மணி அளவை இன்று காலை 10 மணி அளவோடு ஒப்பிடாதீர்கள். அந்தக் கடலுக்கு, அந்த மாதத்தில், அந்த நேரத்தில் இருக்க வேண்டிய சராசரியோடு ஒப்பிடுங்கள். அதைவிட 3 குறைந்தால் சந்தேகப்படுங்கள். 5 குறைந்தால் பக்கத்தில் புயல் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த அறிக்கைக்காகக் காத்திருக்க வேண்டாம். புயல் எந்தப் பக்கம் என்று தெரிய, காற்று வரும் திசையைப் பார்த்து நில்லுங்கள். வட அரைக்கோளத்தில் புயல் மையம் உங்கள் வலப்பக்கம், கொஞ்சம் பின்தள்ளி இருக்கும். தென் அரைக்கோளத்தில் அதுவே இடப்பக்கம்.