ஆறு மில்லிகிராம் படலம்

நேயர்களுக்கு வணக்கம்.

30 மீட்டர் நீளமுள்ள ஒரு குழாய். உள்விட்டம் வெறும் 0.25 மில்லிமீட்டர். அதை முழுக்க நிரப்ப ஒன்றரை மில்லிலிட்டர் திரவம் போதும். உள்சுவரில் 0.25 மைக்ரான் தடிமனில் பிசுபிசுப்பான ஒரு சிலிக்கோன் படலம் பூசியிருக்கும். தலைமுடியின் தடிமனில் இருநூறில் ஒரு பங்குகூட வராது. இறுதிவரை பூசினாலும் மொத்த எடை ஆறு மில்லிகிராம்தான். வாயு வண்ணப்பிரிகையில், அதாவது ஆவியாக்கிய பொருளை வாயு ஓட்டத்தோடு குழாய் வழியே அனுப்பிப் பிரிக்கும் முறையில், ஒரு கலவையின் கூறுகளைத் தனித்தனியாகப் பிரிப்பது இந்த ஆறு மில்லிகிராம். ஆய்வகத்தில் இந்தக் குழாயை ஆங்கிலச் சொல்லாலேயே ‘காலம்’ (column) என்றுதான் சொல்வோம். வானொலியில் அப்படிச் சொன்னால் நேரத்தைப் பற்றிப் பேசுவதாக நினைத்துவிடுவீர்கள். அதனால் இன்று நுண்குழாய் என்றே சொல்கிறேன்.

துகள் அடைத்த குழாயில் மூலக்கூறுகள் ஆளுக்கொரு வழியாகப் போய் முன்னும் பின்னுமாக வந்து சேரும். நடுவே எதுவும் இல்லாத வெற்றுக்குழாயில் அந்தக் குழப்பமே கிடையாது என்பதை மார்செல் கோலே என்ற விஞ்ஞானி 1950களின் பிற்பகுதியில் கணக்குப் போட்டுக் காட்டினார். ஆனால் கண்ணாடி நுண்குழாய் தொட்டால் ஒடியும். 1979இல் டாண்டினோ, ஜெரென்னர் என்ற இரு ஆய்வாளர்கள் உருக்கிய சிலிக்காவில் இழுத்த குழாயைக் கொண்டுவந்த பிறகுதான் நிம்மதி. வெளியே பாலிஇமைடு பூச்சு இருப்பதால் அது கம்பி மாதிரி வளையும். பழுப்பு நிறமும் அந்தப் பூச்சினுடையதே.

சரி, படலத்தை எப்படிப் பூசுவது? முதலில் சுவரைச் சமாதானப்படுத்த வேண்டும். சிலிக்காவின் பரப்பில் சிலனால் தொகுதிகள், அதாவது சிலிக்கானோடு ஒட்டிய ஆக்சிஜன்-ஹைட்ரஜன் இணைகள், இருக்கும். ஆல்கஹாலோ அமீனோ அந்த வழியாக வந்தால் பிடித்து வைத்துக்கொள்ளும். எனவே சிலிக்கான் சேர்ந்த வினைபொருள் ஒன்றைச் செலுத்தி, சூடாக்கி, அந்த வாய்களை அடைத்துவிடுவோம். இதில் ஒரு சிக்கல் உண்டு. சுவருக்கும் படலத்துக்கும் ஒத்துப்போக வேண்டும். இல்லாவிட்டால் பூசியது தாமரை இலைத் தண்ணீராகத் திரண்டு உருளும்; படலமாகப் படியாது.

அப்புறம் பூச்சு. சிலிக்கோனைப் பென்டேனிலோ டைகுளோரோமீத்தேனிலோ கரைக்கிறோம். நான் சொன்ன தடிமனுக்குக் கனஅளவில் 0.4 சதவீதக் கரைசல் போதும். குழாயை நிரப்பி, ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் வெற்றிடம் கொடுத்தால் கரைப்பான் மெல்ல ஆவியாகிப் பின்வாங்கும். அது விட்டுப்போகும் இடமெல்லாம் படலம். இதற்குப் பல மணி நேரம் ஆகும். வெப்பநிலை அசையக் கூடாது. அடைத்த முனையில் குமிழி கூடவே கூடாது. ஆரம்ப நாட்களில் ஒருமுறை கண்ணுக்கே தெரியாத ஒரு குமிழியை விட்டுவைத்தேன். வெற்றிடம் கொடுத்ததும் அது ஊதிப் பெருத்து, மொத்தக் கரைசலையும் வெளியே துப்பிவிட்டது. அரை நாள் வேலை அரை நொடியில் போயிற்று.

பூசிய சிலிக்கோனைப் பெராக்சைடு கொண்டு சூடாக்கிக் குறுக்கே பிணைத்துவிட்டால் பிறகு கரைப்பானால் கழுவினாலும் கரைந்து போகாது. கடைசியாகப் பதப்படுத்துதல். அடுப்பைச் சூடாக்கும் முன்பே, கலவையைச் சுமந்து செல்லும் வாயுவை ஓடவிட்டு உள்ளே இருக்கும் காற்றை விரட்டிவிட வேண்டும். சூட்டில் ஆக்சிஜன் பட்டால் படலம் பாழ்.

இனி சோதனை. ஒவ்வொரு கூறும் குழாயைவிட்டு வெளியே வரும்போது வரைபடத்தில் ஒரு மேடு எழும்; அதுதான் முகடு. பொதுவாக எல்லோரும் கேட்பது தட்டு எண்ணிக்கை, அதாவது குழாய் எவ்வளவு கூர்மையாகப் பிரிக்கிறது என்பதற்கான எண். முகடு வந்த நேரத்தை, பாதி உயரத்தில் அதன் அகலத்தால் வகுத்து, இருமடியாக்கி, 5.54ஆல் பெருக்கினால் கிடைப்பது. நல்ல 30 மீட்டர் குழாயில் ஒரு லட்சத்தை ஒட்டி வரும். ஆனால் வெப்பநிலையை ஏற்றிக்கொண்டே எடுத்த முகட்டில் இந்தக் கணக்கைப் போடாதீர்கள். எண் பெரிதாக வரும், பொருள் இருக்காது.

என் பார்வையில், ஹைட்ரோகார்பனை வைத்து எடுத்த தட்டு எண்ணிக்கை அரைகுறைச் சாட்சி. எந்தச் சுவரோடும் அதற்குச் சண்டை வராது. சண்டைக்காரர்களைத்தான் அனுப்ப வேண்டும். 1978இல் வண்ணப்பிரிகை ஆய்வாளர்களான குரோப் குடும்பத்தார் வெளியிட்ட சோதனைக் கலவை அந்த வேலையைச் செய்கிறது. அதில் ஹைட்ரோகார்பன்களான ஆல்கேன்களும் எஸ்டர்களும் சாதுக்கள். கூடவே ஆக்டனால் என்ற ஆல்கஹால், ஒரு டையால், ஒரு கரிம அமிலம், டைசைக்ளோஹெக்சைலமீன் என்ற அமீன் எல்லாம் இருக்கும். சாதுக்களின் முகட்டு உச்சிகளைக் கோடு போட்டு இணைத்தால், மற்றவர்களும் அந்தக் கோட்டை எட்ட வேண்டும். அமீன் மட்டும் குட்டையாக நின்றால் சுவரில் அமிலத்தன்மை. அமிலம் குட்டையானால் காரத்தன்மை. இரண்டும் சரியாக இருந்து ஆக்டனால் மட்டும் குறைந்தால், ஹைட்ரஜன் பிணைப்புக்கு இன்னும் இடம் மிச்சம் இருக்கிறது.

வால் நீண்ட முகட்டைப் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடலாம். மோசமானது, வாலே இல்லாமல் அழகாக, ஆனால் குட்டையாக நிற்கும் முகடுதான். போன பொருளில் ஒரு பங்கைச் சுவர் விழுங்கிவிட்டது, திருப்பித் தரவில்லை. உயரத்தை அளக்காதவருக்கு இது தெரியவே தெரியாது.

புதுக் குழாயின் முதல் நாள் சோதனைத் தாளைப் பத்திரப்படுத்துங்கள். சில மாதம் கழித்து அதே நிலைமையில் அதே கலவையைச் செலுத்திப் பாருங்கள். ஆக்டனாலுக்கு வால் முளைத்திருந்தால் உடனே குழாயைத் தூக்கி எறியத் தேவையில்லை. அழுக்கு பெரும்பாலும் நுழைவாயில் பக்கத்தில்தான் சேரும். அந்த முனையில் அரை மீட்டரை நேராக வெட்டிவிட்டு, மறுபடி ஒருமுறை கலவையைச் செலுத்திப் பாருங்கள். வணக்கம்.