வெம்பன்யாமாவை யாரோடு நிறுத்துப் பார்ப்பது?

நண்பர்களே, வணக்கம்.

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் ஆடும் பிரான்ஸ் இளைஞர் விக்டர் வெம்பன்யாமா என்று பேச்செடுத்தால் போதும், அடுத்த நிமிடமே ஒருவர் பழைய ஜாம்பவான் கரீம் அப்துல் ஜபாரை இழுப்பார், இன்னொருவர் ஹக்கீம் ஒலாஜுவானை இழுப்பார். இழுக்கட்டும். ஒப்பிடாமல் கூடைப்பந்து பார்ப்பதில் என்ன சுவை? ஆனால் எந்தத் தராசில் நிறுக்கிறோம் என்று தெரிந்து நிறுக்க வேண்டும்.

பிளாக்கையே, அதாவது எதிராளி கூடைக்கு எறியும் பந்தைத் தடுப்பதையே, எடுத்துக்கொள்ளுங்கள். 1973-74 சீசனுக்கு முன்னால் என்பிஏ பிளாக்குக்குக் கணக்கே வைக்கவில்லை. அதற்கு முன்பே ஆடி முடித்த பில் ரஸ்ஸல் 11 என்பிஏ பட்டம் வென்றவர். அவர் தடுத்த பந்துகள் எத்தனை? ஏட்டில் பூஜ்யம்கூட இல்லை, அதற்கான பத்தியே இல்லை. கரீமின் முதல் நான்கு சீசன்களும் அப்படித்தான் போயின. அதனால் “வரலாற்றிலேயே அதிக பிளாக்” என்று யார் சொன்னாலும், ‘ரஸ்ஸல் நீங்கலாக’ என்று நான் மனசுக்குள் சேர்த்துக்கொள்வேன். த்ரீ பாயின்ட், அதாவது தூரக் கோட்டுக்கு வெளியிலிருந்து போட்டால் மூன்று புள்ளி என்ற கதையும் இதேதான். அந்தக் கோடு என்பிஏவுக்கு வந்ததே 1979-80இல். கரீம் தன் ஆட்டக்காலம் முழுவதிலும் போட்டது ஒரே ஒரு த்ரீ. வெம்பன்யாமாவோ முதல் சீசனிலேயே ஆட்டத்துக்கு ஐந்துக்கு மேல் எறிந்தார்.

அப்புறம் எதை வைத்துத்தான் ஒப்பிடுவது? அவருடைய சொந்த அணியிலேயே நல்ல தராசு இருக்கிறது. சான் அன்டோனியோ ஸ்பர்ஸ், அணிகள் புதுமுகங்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், முதல் இடத்தில் மூன்று நெட்டைக்காரர்களைத் தேர்ந்தெடுத்தது: 1987இல் டேவிட் ராபின்சன், 1997இல் டிம் டங்கன், 2023இல் வெம்பன்யாமா. ராபின்சன் ஆட வந்த சீசனில் அணியின் வெற்றி 21இலிருந்து 56க்குத் தாவியது. டங்கன் வந்தபோது 20இலிருந்து 56. வெம்பன்யாமா வந்தபோது? 22 அப்படியே 22ஆக நின்றது!

இதைக் காட்டி, “பார்த்தீர்களா, வெறும் ஆரவாரம்” என்று சிலர் கிளம்பினார்கள். சரி, வயதைப் பாருங்கள். ராபின்சன் கடற்படைச் சேவையை முடித்துவிட்டு 24 வயதில் ஆட வந்தார். டங்கன் நான்கு வருடம் கல்லூரி அணியில் ஆடிய பிறகு 21இல் வந்தார், அதுவும் காயம் ஆறித் திரும்பிய ராபின்சனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. வெம்பன்யாமாவுக்கு 19. ராபின்சன் முதல் சீசனில் 36 நிமிடத்துக்கு மேல் ஆடி, ஆட்டத்துக்கு 3.9 பிளாக் எடுத்தார். இந்தப் பையன் 30 நிமிடம்கூட ஆடாமல் 3.6 எடுத்தான். சீசனின் சிறந்த தடுப்பாட்டக்காரர்களை வைத்து என்பிஏ அறிவிக்கும் முதல்தரத் தடுப்பாட்ட அணியில் புதுமுகமாகவே இடம்பிடித்தவர் அவருக்கு முன் எவருமில்லை. என் கணக்கில், தடுப்பாட்டத்தில் அவர் ஏற்கெனவே பெரியவர்கள் வரிசையில் உட்கார்ந்துவிட்டார்.

தாக்குதலில் இல்லை. 7 அடி 4 அங்குலம் வளர்ந்துவிட்டு, கூடைக்கடியில் போகாமல் தூரத்திலிருந்தே எறிந்து திருப்திப்படுவதைப் பார்த்தால் எனக்கு வயிற்றெரிச்சல்தான். ஒலாஜுவானின் காலசைவு இருக்கிறதே, எதிராளி ஒரு பக்கம் சாய இவர் மறுபக்கம் திரும்பியிருப்பார், அது உயரத்தால் வருவதில்லை. வெம்பன்யாமாவுக்கும் இது தெரிந்திருக்கிறது. 2025 கோடையில் ஒலாஜுவானிடமே போய்ப் பயிற்சி எடுத்தார்.

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பார்கள். கூடைப்பந்தில் அது பாதிதான் உண்மை. நிகோலா யோகிச் டிராஃப்டில் 41ஆவது ஆள்; முதல் சீசனில் ஆட்டத்துக்கு 10 புள்ளிதான். அவர்தான் பின்னால் மூன்று முறை எம்விபி, அதாவது சீசனின் மிகச் சிறந்த வீரர், ஆனார். இன்னொரு எம்விபி யானிஸ் அன்டெடோகும்போ முதல் வருடத்தில் எடுத்தது ஆட்டத்துக்கு 6.8 புள்ளி. மறுபக்கம் ரால்ஃப் சாம்சன்: அதே 7 அடி 4, 1983இல் முதல் தேர்வு, சிறந்த புதுமுகம். முழங்கால் கைவிட்டது. சீனாவின் நெட்டைக்காரர் யாவ் மிங் காயங்களால் 30 வயதிலேயே ஓய்வு பெற்றார். வெம்பன்யாமாவும் 2025 பிப்ரவரியில் வலது தோளில் ரத்தம் உறைந்துவிட்டது என்று 46 ஆட்டத்தோடு சீசனை நிறுத்த நேர்ந்தது. டங்கன் ஆடியது 19 சீசன். அவரோடு ஒப்பிடும்போது நான் முதலில் பார்ப்பது அந்த எண்ணைத்தான்.

கடைசியாக ஓர் ஆட்டம். 2024 பாரிஸ் ஒலிம்பிக் இறுதி. பிரான்ஸுக்காக வெம்பன்யாமா 26 புள்ளி எடுத்தார். மூன்று நிமிடம் மிச்சமிருக்க, அமெரிக்கா மூன்றே புள்ளி முன்னால். அங்கிருந்து அமெரிக்காவின் ஸ்டெஃபன் கரி நான்கு த்ரீ போட்டார். கடைசி த்ரீ எறிந்தபோது இரண்டு பேர் கை அவர் முகத்துக்கு நேரே நீண்டிருந்தது. 98-87, தங்கம் அமெரிக்காவுக்கு. அன்று பையனுக்கு வயது 20, கரிக்கு 36.