செடி வைப்பதா, பியூரிஃபையர் வாங்குவதா? நேயர் சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். இந்த வாரம் வந்த சந்தேகங்களில் ஒன்று என்னை விடவே இல்லை. சென்னை மடிப்பாக்கத்திலிருந்து ஒரு அம்மா அனுப்பியிருக்கிறார். படிக்கிறேன்: "ஐயா, என் மாமனாருக்கு நுரையீரல் அடைப்பு நோய். தினமும் இன்ஹேலர் எடுக்கிறார். டெல்லி காற்று மாசுச் செய்தியைப் பார்த்ததிலிருந்து வீட்டில் எல்லோருக்கும் பயம். ஏர் பியூரிஃபையர் வாங்கிவிடலாம் என்கிறார் என் கணவர். மணி பிளான்ட்டும் ஸ்நேக் பிளான்ட்டும் நாலு தொட்டி வைத்தால் போதும் என்கிறார் நாத்தனார். எது சரி?"

இதோடு நின்றிருந்தால் இரண்டு நிமிடத்தில் பதில் சொல்லி முடித்திருப்பேன். கீழே இன்னொரு வரி எழுதியிருக்கிறார். "சாயங்காலம் ஆறு மணிக்கே ஜன்னலையெல்லாம் சாத்தி, கொசுவர்த்தி ஏற்றிவிடுவோம், அதனால் வெளித்தூசி அவ்வளவாக உள்ளே வராது." இந்த ஒரு வரிதான் என்னைத் தூங்கவிடவில்லை. கொசுவர்த்திக்கு வருகிறேன். கேட்டதற்கு முதலில் பதில்.

செடி விஷயம் எங்கிருந்து கிளம்பியது என்றால், 1989இல் நாசா வெளியிட்ட ஒரு ஆய்விலிருந்து. விண்வெளி நிலையத்தில் ஜன்னலைத் திறந்து காற்று வாங்க முடியாது இல்லையா? அதற்காக, காற்றுப் புகாத சின்னக் கண்ணாடி அறைக்குள் செடியை வைத்து, பென்சீன், ஃபார்மால்டிஹைடு மாதிரியான நச்சு ஆவிகளை விட்டுப் பார்த்தார்கள். ஆவி குறைந்தது, அது உண்மை. ஆனால் நம் வீடு அடைத்த கண்ணாடிப் பெட்டி இல்லை. கதவு இடுக்கு, ஜன்னல் இடுக்கு வழியாகவே காற்று ஓடிக்கொண்டிருக்கிறது. 2019இல் இந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள். ஒரு சாதாரண வீட்டில் காற்றோட்டம் செய்கிற வேலையைச் செடி செய்ய வேண்டுமானால், ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது பத்து செடி, போகப் போக ஆயிரம் வரைகூட வேண்டும் என்று வந்தது. பத்து என்றே வைத்துக்கொண்டாலும் மாமனாருக்குக் கட்டில் போட இடம் இருக்காது. அதுவும் ஆவிக்குத்தான். தூசிக்கு, அதாவது மாமனாரைப் படுத்துகிற அந்த நுண்துகளுக்கு, நாலு தொட்டி ஒன்றும் செய்யாது. செடி வையுங்கள், கண்ணுக்கு நன்றாக இருக்கும். தொட்டித் தட்டில் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், கொசு வரும்.

நுண்துகள் என்றால் பிஎம் 2.5. பழைய நேயர்களுக்குத் தெரியும், புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டரை மைக்ரான், அல்லது அதற்கும் சிறியது. தலைமுடியின் குறுக்களவில் சுமார் முப்பதில் ஒரு பங்கு. பெரிய தூசி மூக்கிலும் தொண்டையிலும் மாட்டிக்கொள்ளும், தும்மினால் வெளியே. இது மாட்டாது. நுரையீரலின் கடைசிக் காற்றறை வரைக்கும் இறங்கும், அதில் மிகச் சிறியவை ரத்தத்திலும் கலக்கும். அதனால்தான் காற்று மாசினால் வருகிற சாவுகளில் மாரடைப்பும் பக்கவாதமும் பெரும் பங்கு. காற்று மாசு என்றாலே இருமல் என்றுதான் நினைக்கிறோம், இதயத்தை யாரும் நினைப்பதில்லை.

இந்த பிஎம் 2.5 ஆண்டுச் சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது. நம் நாட்டு வரம்பு 40. 2009இல் வைத்தது. எட்டு மடங்கு. இரண்டு எண்ணையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சரி, பியூரிஃபையர். வாங்கலாம், வேலை செய்யும். ஹெப்பா வடிகட்டி, அதாவது நுண்துகளையும் பிடிக்கிற நெருக்கமான வடிகட்டி, இருக்க வேண்டும். அயனி, ஓசோன் என்று பெருமையாக அச்சடித்த பெட்டியை வாங்காதீர்கள். ஓசோன் மேலே வானத்தில் இருக்கும்போது நல்லது, மூச்சில் கலந்தால் ஆஸ்துமாக்காரருக்கு விஷம். அளவுக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். மாமனார் அறை 120 சதுர அடி, உயரம் 10 அடி என்றால் 1,200 கன அடி, அதாவது 34 கன மீட்டர். மணிக்கு ஐந்து முறை அந்தக் காற்று முழுவதும் வடிகட்டிக்குள் போய்வர வேண்டும். ஐந்து முப்பத்துநாலு 170. பெட்டியில் சிஏடிஆர் என்று ஒரு எண் போட்டிருப்பான், மணிக்கு எத்தனை கன மீட்டர் சுத்தமான காற்று தரும் என்ற கணக்கு, அது 170க்கு மேல் இருக்கட்டும். ஓடும்போது அறைக் கதவு சாத்தியிருக்க வேண்டும். வடிகட்டியைக் காலத்தோடு மாற்ற வேண்டும், அதன் விலையையும் கேட்டுக்கொண்டு வாங்குங்கள்.

ஆனால் அந்த அம்மா இதைக் கேட்டிருக்கக் கூடாது. "ஐயா, எங்கள் வீட்டில் என்னென்ன எரிகிறது?" என்று கேட்டிருக்க வேண்டும். ஆரம்பித்துவிட்டார் என்று சிரிப்பது தெரிகிறது. சிரியுங்கள். இந்தச் சேனலில் காற்றைப் பற்றி எப்போது பேசினாலும் நான் சொல்வது ஒன்றுதான்: எது எரிகிறது, அதன் பக்கத்தில் யார் இருக்கிறார், எவ்வளவு நேரம் இருக்கிறார்? இந்த மூன்றையும் கேட்டுவிட்டு அப்புறம் மெஷின் வாங்கலாம்.

கொசுவர்த்தியை எடுத்துக்கொள்ளுங்கள். இதோ கையில் வைத்திருக்கிறேன். பச்சைச் சுருள். இதில் கொசு மருந்து எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? ஒரு சதவீதம்கூட இல்லை. மீதியெல்லாம் மரத்தூள், சிரட்டைத் தூள், பசை. நுனியில் தீ பிடித்ததும் ஊதி அணைக்கிறோம் பாருங்கள், அங்கேதான் விஷயம். சுடர் விட்டு எரிந்தால் சூடு அதிகம், பெரும்பகுதி கரியமில வாயுவாகவும் நீராவியாகவும் போய்விடும். சுடரை அணைத்துக் கங்காக விட்டால் அரைகுறையாகத்தான் எரியும். அரைகுறை எரிதலில்தான் கரித்துகள், கார்பன் மோனாக்சைடு, பென்சீன், ஃபார்மால்டிஹைடு எல்லாம் வரும். அப்படி எட்டு மணி நேரம் மெல்ல மெல்லப் புகைய வேண்டும் என்றே செய்த பொருள் இது. சீனாவிலும் மலேசியாவிலும் விற்கிற சுருள்களைச் சோதித்து 2003இல் ஒரு ஆய்வு வந்தது. ஒரு சுருள் முழுக்க எரிந்தால் வெளியிடுகிற பிஎம் 2.5, 75 முதல் 137 சிகரெட் வெளியிடுகிற அளவு என்று அதில் போட்டிருக்கிறார்கள்.

இப்போது அந்த வரியைத் திரும்பப் படியுங்கள். ஜன்னலைச் சாத்திவிட்டு ஏற்றுகிறோம், வெளித்தூசி வராது. வராது அம்மா. உள்ளே இருப்பதும் வெளியே போகாது. சிகரெட் பிடிக்காதே என்று டாக்டர் சொன்ன மனிதரை அந்த அறையில் படுக்க வைத்திருக்கிறோம்.

கொசுவுக்கு என்ன செய்வது என்பீர்கள். மடிப்பாக்கம், பள்ளிக்கரணைப் பக்கம் கொசு எப்படிக் கடிக்கும் என்று எனக்கும் தெரியும். ஜன்னலுக்கு வலை அடியுங்கள், கட்டிலுக்கு வலை கட்டுங்கள். பியூரிஃபையர் விலையில் சின்னப் பங்குதான் ஆகும். ஊதுபத்தி மாதிரி ஏற்றுகிற கொசுவிரட்டி வேண்டாம், அதுவும் இதே கதைதான்.

அடுத்தது சாம்பிராணி. இதில் கொஞ்சம் ஜாக்கிரதையாகப் பேச வேண்டும், வீட்டம்மா பக்கத்து அறையில்தான் இருக்கிறார். என்னிடம் ஒரு சின்ன பிஎம் மீட்டர் இருக்கிறது, முந்தைய பேச்சுகளில் காட்டியிருக்கிறேன். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதை ஹாலில் வைத்திருந்தேன். 30 சொச்சத்தில் இருந்த எண், தூபக்கால் வீட்டைச் சுற்றி வந்த சில நிமிடத்தில் 400ஐத் தாண்டியது. "சாமிக்கே மீட்டர் வைக்கிறீர்களா?" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. நானும் சாம்பிராணி வாசனையில் வளர்ந்தவன்தான், அதை நிறுத்தச் சொல்லவில்லை. எல்லாக் கதவையும் திறந்து வைத்துக் காட்டுங்கள், மூச்சு நோயாளி இருக்கிற அறைக்குள் கொண்டு போகாதீர்கள். எங்கள் வீட்டில் அந்த ஏற்பாட்டுக்கு ஒத்துக்கொண்டார்கள்.

இங்கே என் பெரியம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். விருத்தாசலம் பக்கத்துக் கிராமம். பீடி, சுருட்டு, புகையிலை எதையும் தொட்டதில்லை. கடைசிக் காலத்தில், சிகரெட்காரர்களுக்கு வருகிற அதே நுரையீரல் அடைப்பு நோய். எப்படி? அவர் சமைப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் நான். ஓட்டுக்கூரை அடுப்பங்கரை, ஜன்னல் கிடையாது. சவுக்கு விறகு, மழைக்காலத்தில் அது ஈரமாக இருக்கும், கூட வறட்டி. தீ மங்கியதும் ஊதுகுழலை எடுப்பார். முகத்தை அடுப்பு வாய்க்கு ஒரு முழத் தூரத்தில் கொண்டு போய் ஊதுவார். ஊதினால் மறுபடி மூச்சை இழுக்க வேண்டும் இல்லையா? அந்த இழுப்பு அடுப்பு வாயிலிருந்துதான். வேளைக்கு எத்தனை தடவை, எத்தனை வருடம்! ஊருக்கு நடுவில் கருவி வைத்து அளந்திருந்தால் அந்தக் கிராமத்துக் காற்று தங்கமாக இருந்திருக்கும். எது எரிகிறது, யார் பக்கத்தில், எவ்வளவு நேரம் என்று நான் திரும்பத் திரும்பக் கேட்பது இதனால்தான்.

இதை அறிவியலாகச் செய்தும் பார்த்திருக்கிறார்கள், அதில் நம் ஊர்களும் உண்டு. கவுதமாலா, பெரு, ருவாண்டா, இந்தியா என்று நான்கு நாடுகளில் 3,200 கர்ப்பிணிகள். இந்தியாவில் நடந்தது நாகப்பட்டினம், கள்ளக்குறிச்சி பக்கக் கிராமங்களில். பாதிப் பேருக்கு கேஸ் அடுப்பும் சிலிண்டரும் இலவசம், மீதிப் பேர் விறகடுப்பில் தொடர்ந்தார்கள். அவர்கள் சுவாசித்த பிஎம் 2.5 விறகடுப்பில் சுமார் 70, கேஸில் சுமார் 24. மூன்றில் ஒரு பங்கு. நம் நாட்டு வரம்பான 40க்கும் கீழே. ஆனால் 2022இல் முடிவு வந்தபோது, பிறந்த குழந்தைகளின் எடையில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. நிறையப் பேர் இதை மறைத்துவிட்டுப் பேசுகிறார்கள், மறைக்க வேண்டியதில்லை. அடுப்பு கைக்கு வந்ததே கர்ப்பம் சில மாதம் ஆன பிறகு. 24 என்பதும் 5க்கு ஐந்து மடங்கு. என் பெரியம்மாவுக்கு வந்த நோய் ஒன்பது மாதத்தில் வந்ததும் இல்லை. கேஸ் அடுப்பு வேண்டுமா என்றால், வேண்டும் என்றுதான் இன்னும் சொல்வேன். 2016இல் ஏழை வீடுகளுக்கு கேஸ் இணைப்பு கொடுக்கிற உஜ்வாலா திட்டம் வந்து சிலிண்டர் நிறைய வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. இரண்டாவது சிலிண்டர் வாங்கக் காசு இருக்கிறதா என்பதுதான் அங்கே கேள்வி.

டெல்லி செய்தியைப் பார்த்துப் பயம் என்றும் எழுதியிருந்தார். சுருக்கமாகச் சொல்கிறேன். குளிர்காலத்தில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்துவிடும், அதன் மேலே வெப்பமான காற்று சட்டிக்கு மூடி போட்ட மாதிரி உட்கார்ந்துகொள்ளும். வண்டிப்புகை, ஆலைப்புகை, கட்டடத் தூசி எல்லாம் அதற்குள் அடைபடும். அடித்துப் போகக் கடற்காற்று அங்கே கிடையாது. அதோடு அக்டோபர், நவம்பரில் பஞ்சாப், ஹரியானா பக்கம் நெல் தாளை எரிக்கிறார்கள். விவசாயியைத் திட்டுகிறவர்கள் இதையும் கேளுங்கள்: நிலத்தடி நீரைக் காப்பாற்ற 2009இல் பஞ்சாபில் சட்டம் போட்டு நாற்று நடவை ஜூனுக்குத் தள்ளினார்கள். அறுவடையும் தள்ளிப் போயிற்று. கோதுமை விதைக்க நடுவில் கிடைப்பது சில வாரம்தான். தாளை அப்புறப்படுத்த மலிவான வழி தீக்குச்சி. தண்ணீருக்குச் செய்த நல்ல காரியம் காற்றில் போய் முட்டியது.

நமக்குக் கடற்காற்று இருக்கிறது, அதனால் தப்பித்தோம் என்று நினைக்காதீர்கள். அந்த மூடி மார்கழி, தை விடிகாலையில் சென்னையிலும் விழும். 2018 போகி நினைவிருக்கிறதா? புகைமூட்டத்தில் மீனம்பாக்கத்தில் விமானம் இறங்க முடியாமல் வேறு ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். பழைய பாயும் துடைப்பமும் எரிந்த காலம் போய், டயரும் பிளாஸ்டிக்கும் எரிகிறது. 2022 ஏப்ரல் கடைசியில் பெருங்குடி குப்பைக் கிடங்கு பற்றி எரிந்ததே, மடிப்பாக்கம் அம்மாவுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வடசென்னைக்காரர்களுக்கு எண்ணூர் பக்கம் நிலக்கரி மின்நிலையங்களும் பறக்கும் சாம்பலும். அவர்கள் வீட்டுக்குள் எதை எரித்தாலும் எரிக்காவிட்டாலும் அது வந்து மொட்டை மாடியில் படியும். அங்கே போய் சாம்பிராணியைக் குறையுங்கள் என்று நான் பேசினால் அடிக்க வருவார்கள், வரவும் வேண்டும். அது அரசாங்கமும் மின்நிலையமும் செய்ய வேண்டிய வேலை.

அரசாங்கம் செய்தால் நடக்கும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2000இல் ஈயம் கலந்த பெட்ரோலை நிறுத்தினார்கள். 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 என்ற வண்டிப்புகை விதி வந்தது, டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10ஆக இறங்கியது. பங்க்கில் நாம் எதுவும் கேட்கவில்லை, கொடுத்ததைப் போட்டுக்கொண்டோம்.

சரி அம்மா, உங்களுக்கு. முதலில் கொசுவர்த்தியை நிறுத்தி வலை அடியுங்கள். தாளிக்கும்போது எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடட்டும், மாமனார் அறைக் கதவு சாத்தியிருக்கட்டும். மற்ற நேரத்தில், வெயில் ஏறிய பிறகு, ரோட்டைப் பார்க்காத பக்கத்து ஜன்னலைத் திறந்து விடுங்கள். போகியன்று விடிகாலை அவரை நடைப்பயிற்சிக்கு அனுப்ப வேண்டாம். இவ்வளவும் செய்து ஒரு மாதம் பாருங்கள். அப்புறமும் தேவை என்று தோன்றினால் அந்த 170 கணக்கை வைத்து பியூரிஃபையர் வாங்குங்கள். மருந்து, இன்ஹேலர் அளவெல்லாம் டாக்டரிடம், நான் வேதியியல் வாத்தியார்தான்.

உங்கள் தெருமுனையில் குப்பை எரிப்பதாகவும் போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். திறந்தவெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய், மொத்தமாகக் குவித்து எரித்தால் 25,000 ரூபாய் அபராதம் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரிலேயே உத்தரவு போட்டது. துப்புரவுப் பணியாளரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். குப்பை வண்டி வராததால் மேஸ்திரி கொளுத்தச் சொல்லியிருப்பார், பணியாளர் கொளுத்துகிறார், அந்தப் புகையை முதலில் சுவாசிப்பதும் அவர்தான். வண்டி ஏன் வரவில்லை என்று மாநகராட்சியின் 1913 எண்ணில் கேளுங்கள். புகார் எண் கொடுப்பார்கள், குறித்து வைத்துக்கொண்டு மறுநாளும் கேளுங்கள்.